பிடிச்சிருக்கா?

நகரத்தை ஒட்டி மிஞ்சியிருந்த அந்தத் துண்டுக் காட்டுக்கு மர ஆய்வாளர் மதியம்தான் வந்து சேர்ந்தாள். உதவியாள் விடுப்பில் போய்விட்டதால் கணவனை இழுத்து வந்திருந்தாள். குரங்குகள் வாழ ஏற்ற காடு என்று அவள் சொல்லிவிட்டால் புதிய சாலை சுற்றிக்கொண்டு போகும். இல்லையென்றால் காட்டின் நடுவே பாயும். எப்படியாவது காப்பாற்றியே தீருவது என்று ஒற்றைக் காலில் நின்றாள்.

மரங்களுக்குக் குறைவில்லை. பழங்கள் சீந்துவாரில்லாமல் உதிர்ந்து, அழுகிப் புளித்து நாறின. குரங்குகளோ எதிரே இருந்த குடியிருப்பின் மதில்மேல் உட்கார்ந்து காட்டையே பார்த்துக்கொண்டிருந்தன. ஒன்றுகூட உள்ளே கால்வைக்கவில்லை. அது அவளை உறுத்தியது.

பெரிய மரத்தை அளக்க ஆளுக்கொரு பக்கம் நிற்க வேண்டும். நெஞ்சுயரத்தில் டேப்பின் நுனியை அவள் நீட்டுவாள். அவன் வாங்கிச் சுற்றி மறுபுறமாகத் தருவான். முகம் தெரியாது, குரல்தான்.

"பிடிச்சிருக்கா?" என்று முதல் மரத்தில் கேட்டாள்.

"கல்யாணமாகி இத்தனை வருஷம் கழிச்சு இப்பதான் கேக்கத் தோணுச்சா?" என்றான். சிரித்துவிட்டாள்.

காட்டின் நடுவில் நின்றது எல்லாவற்றிலும் பெரிய மரம். அங்கே பறவைச் சத்தம்கூட இல்லை. பட்டையைத் தட்டிக்கொடுத்து, "உன்ன விடமாட்டேன்," என்று முணுமுணுத்தாள். டேப்பை நீட்டினாள். மறுபக்கம் ஒரு கை வாங்கிக்கொண்டது.

"பிடிச்சிருக்கா?"

"பிடிச்சிருக்கு."

கிசுகிசுப்பான குரல். அதில் கிண்டல் இல்லை.

அப்போது போன் அடித்தது. கணவன். மரத்தில் எண் போடும் பெயிண்டை எடுக்க வண்டிக்குத் திரும்பியிருக்கிறான். "டப்பாவ எங்க வச்ச? வண்டி முழுக்கத் தேடிட்டேன்."

வண்டி நின்றது சாலையோரத்தில்.

டேப் விறைப்பாகவே இருந்தது.

மெல்ல, மிக மெல்ல, அந்தப் பக்கத்திலிருந்து யாரோ அதை இழுத்தார்கள்.

டேப்பை அப்படியே போட்டுவிட்டு விழுந்தடித்து ஓடிவந்தாள். அவளைக் கண்டதும் மதில்மேல் இருந்த குரங்குகள் வீறிட்டுச் சிதறி ஓடின. வண்டிக் கதவை அறைந்து சாத்திக்கொண்டு, நடந்ததைத் திக்கித் திணறிக் கணவனிடம் சொன்னாள். வெட்டினால் வெட்டிக்கொள்ளட்டும், இந்தக் காட்டின் சகவாசமே வேண்டாம் என்றாள்.

அவன் வண்டியை எடுத்தான். கொஞ்ச தூரம் போனதும் அவளைத் திரும்பிப் பார்த்தான்.

"டேப்ப அங்கயே போட்டுட்டேன்னு சொன்னியே?"

குனிந்து பார்த்தாள். டேப் அவள் நெஞ்சைச் சுற்றியிருந்தது. இரண்டு நுனிகளும் இருக்கைக்குப் பின்னால் போயிருந்தன. பின் இருக்கையில் யாரும் இல்லை.

அது இன்னும் கொஞ்சம் இறுகியது. காதோரம் புளித்த பழவாடை அடித்தது.

"நானும் விடமாட்டேன்."