இருநூற்றுத் தொண்ணூற்றாறு

முதலில் ஒரு விரித்த குடை வராந்தாவுக்குள் பாய்ந்தது. அதன் பின்னால் ஓர் ஆள். அடுத்த நொடி, அவள் நெஞ்சோடு அணைத்திருந்த தாள்கள் எல்லாம் ஈரத் தரையில்...

"கண்ணு தெரியலையா உங்களுக்கு?"

"சாரிங்க... மழைக்குப் பயந்து ஓடி வந்தேன்..."

"மழைக்குப் பயந்தா என் மேல வந்து விழணுமா?"

ஆய்வுக்கூடத்தில் அவளுக்குப் பட்டாசு என்று பெயர். சும்மாவே வெடிப்பாள். இன்று கேட்கவே வேண்டாம். இரண்டரை மணிக்குக் கருத்தரங்க மேடை ஏற வேண்டும். அந்தப் பேச்சைக் கேட்டுவிட்டுத்தான் அவளுடைய ஆய்வேடு தேறுமா, ஊற்றிக்கொள்ளுமா என்று வழிகாட்டிப் பேராசிரியை சொல்லப்போகிறார். காலையிலிருந்து தண்ணீர்கூட உள்ளே இறங்கவில்லை.

அவன் குனிந்து தாள்களைப் பொறுக்கினான். நெற்றியில் இருந்த மழைத்துளி வழிந்து வந்து மூக்கு நுனியில் தொங்கியது. அந்தக் கண்கள்... சே, இந்த நேரத்தில் கண்ணைப் பார்க்கிற புத்தி எங்கிருந்து வந்தது?

அவன் பார்த்ததோ தாளை.

"இருநூத்தித் தொண்ணூத்தாறா? கொஞ்சம் அதிகமா இல்ல?"

அவளுக்குச் சுருக்கென்றது. அந்த எண்தான் அவளுடைய மூன்று வருடம். அணுக்கருவில் அடைந்து கிடக்கும் பொருளை அமுக்கினால் அது எவ்வளவு முரண்டு பிடிக்கும் என்று சொல்லும் எண். அதைக் கையில் எடுத்து அமுக்கிப் பார்க்க யாராலும் முடியாது. துகள்களுக்கு இடையே உள்ள விசைக்குத் தோராயமாக ஒரு சூத்திரம் அமைத்து, கணக்குப் போட்டுத்தான் கண்டுபிடிக்க வேண்டும். மற்றவர்கள் இருநூற்று முப்பது, நாற்பது என்கிறார்கள். அவளுக்கு மட்டும் இப்படி வந்தது. அந்தப் பெருமையில்தான் இத்தனை நாள் மிதந்துகொண்டிருந்தாள்.

"அதைச் சொல்ல நீங்க யாரு?"

"துகள் முடுக்கி ஆய்வகத்துல வேலை. ஈய அணுக்கருவைத் தட்டிவிட்டு, அது சுருங்கி விரியறதை அளக்கறோம். உங்க எண் சரின்னா எங்க ஈயம் இன்னும் வேகமா மூச்சு விடணும். விடலையே..."

"அப்ப உங்க ஈயத்துக்குத்தான் ஏதோ கோளாறு!"

அவன் சிரித்துவிட்டான். "இருக்கலாம்ங்க. ஒண்ணு கேக்கறேன், கோவிச்சுக்காதீங்க. எந்த அடர்த்தியில வச்சுக் கணக்குப் போட்டீங்க?"

"எல்லாரும் போடறதுதான். பூஜ்யம் புள்ளி ஒண்ணு ஆறு."

"அது எல்லாருக்கும். உங்க விசைக்கு எவ்வளவு?"

பிடுங்காத குறையாகத் தாள்களை வாங்கிக்கொண்டு நடந்தாள். பெரிய ஈயக்காரன்! வந்துட்டான் கேள்வி கேட்க...

ஆனால் கேள்வி கூடவே வந்தது. காலி அறை ஒன்றில் மடிக்கணினியைத் திறந்தாள். ஒவ்வொரு விசைச் சூத்திரத்திலும், பொருள் தானாக ஓய்ந்து நிற்கும் அடர்த்தி ஒன்று உண்டு. அங்கே வைத்துத்தான் அமுக்கிப் பார்க்க வேண்டும். போன வருடம் அவள் சூத்திரத்தை மாற்றினாள். அதோடு ஓய்வு அடர்த்தியும் பூஜ்யம் புள்ளி ஒன்று நான்கு எட்டுக்கு இறங்கியிருந்தது. நிரலில் மட்டும் பழைய ஒன்று ஆறு அப்படியே உட்கார்ந்திருந்தது.

திருத்திப் போட்டாள். இருநூற்று முப்பத்தொன்று.

கருத்தரங்கக் கையேட்டில் பழைய எண் அச்சாகி, எல்லோர் மடியிலும் கிடக்கிறது. வாயை மூடிக்கொண்டு பேசிவிட்டால் யாருக்குத் தெரியும்? அவனுக்குத் தெரியும்...

மேடை ஏறியபோது மூன்றாவது வரிசையில் அவன். முன்வரிசையில் பேராசிரியை, கையில் பேனாவோடு.

"கையேட்டுல இருக்கற எண் தப்பு," என்றாள். குரல் அவளுக்கே கேட்கவில்லை. மறுபடி சொன்னாள். "தப்பு என்னோடது. மத்தியானம் ஒருத்தர் கேட்ட கேள்வியாலதான் தெரிஞ்சுது."

அரங்கில் சலசலப்பு. பேராசிரியையின் பேனா நின்றுவிட்டது. அவள் எப்படியோ பேசி முடித்தாள்.

"மூணு மாசம் தரேன். நாலாவது அத்தியாயத்தை முழுசா மாத்தி எழுது," என்றார் பேராசிரியை. திட்டவில்லை. தேறிவிட்டாள்!

நிமிர்ந்து பார்த்தாள். மூன்றாவது வரிசை இருக்கை காலி.

நிம்மதி வர வேண்டிய நேரத்தில் மேடையில் வந்ததைவிடப் பெரிய பதற்றம் வந்தது. போய்விட்டானா? பேர்கூடக் கேட்கவில்லையே... மழையில் வாசலுக்கு ஓடினாள். விருந்தினர் பஸ் உறுமிக்கொண்டிருந்தது. அவன் படியில் ஒரு காலை வைத்திருந்தான்.

"ஏன் ஒண்ணுமே சொல்லாம வந்துட்டீங்க?" மூச்சு வாங்கியது அவளுக்கு.

"மேடையில என்னைப் பார்த்ததும் உங்களுக்குக் குரலே வரல. இருந்தா உங்களுக்கு இன்னும் கஷ்டம்னு..."

"உங்களுக்குப் பயந்துதான் தப்பை ஒத்துக்கிட்டேன்னு நினைச்சீங்களா?"

"இல்லைங்க..."

"பயந்தேன்தான்!" கண்ணில் வழிந்தது மழையா, வேறா என்று அவளுக்கே தெரியவில்லை. "நீங்க எழுந்து கேட்டுடுவீங்கன்னு இல்ல. பொய்யைச் சொல்லிட்டா அப்புறம் உங்க முகத்தை எப்படிப் பார்ப்பேன்னு. பார்க்கணும்னு இருந்துச்சு... எனக்கு உங்களைப் பிடிச்சிருக்கு."

சொல்லிவிட்டாள். இனி பூமி பிளந்தாலும் சரி என்று தலையைக் குனிந்துகொண்டாள்.

டிரைவர் ஹாரன் அடித்தார். "ஏறுங்க தம்பி, நேரமாச்சு!"

அவன் படியிலிருந்து காலை எடுத்தான்.

"நீங்க கிளம்புங்கண்ணே. நான் அடுத்த பஸ்ல வரேன்."

"அடுத்த பஸ் நாளைக்குத்தான் தம்பி!"

"தெரியும்ணே," என்றான், அவளையே பார்த்துக்கொண்டு.