பின்கண்ணாடியில் மூச்சு

நவம்பரின் அந்த ஞாயிற்றுக்கிழமை, பிற்பகல் மூன்று மணிக்கு, ஓய்பின் என்ற மலையின் சரிவில் காரை நிறுத்திவிட்டு இறங்கிய கெஸினே, பின்சீட்டுக் கண்ணாடியில் மட்டும் உள்ளிருந்து மூச்சு படிந்திருப்பதைக் கண்டாள். பின்சீட்டில் இரண்டு கோட்டுகளும் ஒரு ரொட்டிப் பையும்தான் கிடந்தன.

"ஈரக் கோட்டுடி. வேற என்ன?" என்றாள் மார்லிஸ்.

பள்ளி நாளிலிருந்து தோழி. கெஸினேயின் கணவன் ஃபோல்கரைப் புதைத்த மூன்றாம் வாரம் வந்து, அவள் பெட்டியைத் தானே அடுக்கினாள். "வீட்டுக்குள்ள உக்காந்து சுவரைப் பாக்கறதுக்கு, வெளிய வந்து பழைய சுவரையாவது பாரு." பார்த்தார்கள். நௌம்பர்க் தேவாலயத்தில் கல்லில் செதுக்கிய பெண்களை, வைமாருக்கு மேலே காற்று மட்டும் நடமாடும் பழைய நாஜி வதைமுகாம் நிலத்தை, டிரெஸ்டனில் போர்க் குண்டில் கருகிய கற்களை. கெஸினே எல்லாவற்றையும் பார்த்தாள். எதுவும் உள்ளே இறங்கவில்லை.

அன்று இறந்தவர்களின் ஞாயிறு. மலைமேல் கூரையில்லாத பழைய மடத்தின் வளைவுகளுக்குக் கீழே, கல்லறைகள்மீது ஈரத் தேவதாருக் கிளைகளைப் பரப்பி, சிவப்புக் கண்ணாடிக் கூடுகளில் மெழுகுவத்தி ஏற்றிவிட்டு ஊரார் திரும்பிக்கொண்டிருந்தார்கள். மெழுகும் பிசினும் கலந்த வாசனை பனியோடு கீழே தங்கியது.

"ஃபோல்கர் போன அன்னைக்கு ஜன்னலைத் திறந்துவிட்டியா?" என்று மார்லிஸ் கேட்டாள்.

உயிர் பிரிந்த அறையில் உடனே ஜன்னலைத் திறப்பார்கள். ஏனென்று யாரும் கேட்பதில்லை.

"நர்ஸ் திறந்தா. நான் சாத்திட்டேன்."

"ஏன்டி?"

"ஹீட்டர் ஓடிட்டிருந்துச்சு."

மார்லிஸ் சிரித்தாள். "சூடு வெளிய போயிடும்னு ஆளையே உள்ள வெச்சுட்டியா?" சிரிப்பைப் பாதியில் நிறுத்தினாள். கெஸினேயின் முகத்தைப் பார்த்துவிட்டிருந்தாள்.

காருக்குத் திரும்பி வந்தபோது பின்கண்ணாடியின் மூச்சுப் படலம் பெரிதாகியிருந்தது. அது விரிந்தது. நின்றது. வெகுநேரம் நின்றது. பிறகு மெல்லச் சுருங்கியது. கடைசி இரவுகளில் ஃபோல்கர் மூச்சுவிட்டது அப்படித்தான்.

மார்லிஸும் பார்த்தாள். ஏறி உட்கார்ந்தாள். கெஸினே வண்டியைக் கிளப்பியதும், குறுக்கே எட்டி, கெஸினேயின் கதவிலிருந்த பொத்தானால் பின்கண்ணாடியை இறக்கினாள்.

"கிளம்பு ஃபோல்கர்," என்றாள். "போதும். அவளை விடு."

குளிர் உள்ளே வந்தது. வாசனை ஒன்று வெளியே நகர்ந்தது. கற்பூரத் தைலம், வியர்வை, அவன் தலையணை.

கெஸினே பொத்தானை அழுத்தினாள். கண்ணாடி ஏறியது. மற்றக் கண்ணாடிகள் இறங்காதபடி, பக்கத்திலிருந்த பூட்டையும் அழுத்தினாள்.

"குளிருது," என்றாள். அவன் போனதிலிருந்து அவளுக்குக் குளிரும் இல்லை, சூடும் இல்லை.

பாதை வளைந்து வளைந்து இறங்கியது. இருபுறமும் தேவதாரு. பின்னாலிருந்து மூச்சு இழுக்கும் சத்தம். நீளமாக. நின்றது.

"கெஸினே, மூச்சு முட்டுதுடி. கண்ணாடியை இறக்கு."

"கீழ போயிடலாம்."

"பூட்டை எடுடி. என் பக்கம் மட்டும்."

"கீழ போனதும் திறக்கறேன்."

மார்லிஸ் தன் பொத்தானைத் தட்டினாள். டக். டக்.

மரங்கள். வளைவு. மரங்கள்.

டக்.

பிறகு இல்லை.

ரயில் கேட் மூடியிருந்தது. கெஸினே வண்டியை நிறுத்தினாள். மணி அடித்துக்கொண்டிருந்தது. மார்லிஸ் இமைக்காமல் நேராகப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தாள். அவள் பக்கத்துக் கண்ணாடி மூச்சே படியாமல் தெளிவாக இருந்தது. வெளியே ஒவ்வொரு ஊசி இலையும் தெரிந்தது.

கெஸினே பின்னால் திரும்பினாள்.

பழைய படலம். அதை ஒட்டி இன்னொன்று. சின்னது. வேகமாக விரிந்தது, சுருங்கியது, விரிந்தது.

விரல் பூட்டின்மேல் இருந்தது. கெஸினே அதைத் திறக்காமலே விரலை எடுத்துக்கொண்டாள்.

"மார்லிஸ், ஹீட்டர் போடட்டுமா?"