கிணற்று நீர்ப் பல்

பல்மானி பொய் சொல்லாது என்பது அந்த வடகடல் தீவில் சட்டம். சிறுவயதில் ஈறுக்குள் பல் உருவாகும்போது குடித்த தண்ணீரின் சுவடு சாகும்வரை பல்லிலேயே கிடக்கும். கருவி அதைப் படித்து, ஆள் எந்த மண் என்று சொல்லிவிடும். பிலோமினாவுக்கு அதைக் கண்டாலே வயிறு எரிந்தது. தூத்துக்குடிக் கரையைக் கடல் விழுங்கியபின் இரண்டாம் கப்பலில் வந்தவர்களின் மகள் அவள். பிறந்தது இந்தத் தீவில்தான். ஆனால் முதல் கப்பலில் வந்த அதே ஊர்க்காரர்கள் அவர்களைக் கிணற்றை அண்டவிடவில்லை. டப்பாத் தண்ணீரில் வளர்ந்த பல் அவளை வெளியாள் என்றது. அவளையும் மகளையும் ஏற்றிப்போகக் கப்பல் வந்து நின்றது.

ஒரு சடங்குதான் பாக்கி. தீவின் மிகப் பழைய பல்தான் ‘மண்ணளவு’. அதோடு ஒத்துப்போகிறவர்களுக்கே தீவு. அந்தப் பல்லைக் கருவியில் பதிய, புல்மேட்டுக்குள் இருந்த ஐயாயிரம் ஆண்டுப் பழைய கல்லறைக்குள் ஒருவர் போக வேண்டும். அதன் நுழைவழியில் தவழத்தான் முடியும்.

“நீதான் ஒல்லி. நீயே போ” என்றார் தீவில் யார் தங்கலாம் என்று தீர்ப்பளிக்கும் குடியாணையர் தேவசகாயம், முதல் கப்பல்காரர் ஒருவரின் பேரன். தன்னைத் துரத்தும் தீர்ப்பைத் தானே தவழ்ந்துபோய் எடுத்துவர வேண்டுமாம்! என்ன நெஞ்சழுத்தம் இந்த மனுசனுக்கு!

முழங்கை சிராய்க்க உள்ளே போனாள். கற்பலகைகள் அடுக்கிய அறையில் நிமிர்ந்து நிற்க முடிந்தது. மண்டையோடுகள் ஒருபுறம், கால் எலும்புகள் ஒருபுறம்; யாருடையது எது என்று பிரிக்காமல் எல்லோரையும் ஒன்றாகக் கலந்து வைத்திருந்தார்கள். ஆக அடியில் கிடந்த ஒரு பெண்ணின் பல்லில் கருவியை வைத்தாள். படித்ததும் கத்தினாள்.

“அண்ணாச்சி! இவளும் வந்தேறிதான்! வேற எங்கயோ தண்ணி குடிச்சு வளந்து, படகேறி வந்திருக்கா. உங்க கிணத்துத் தண்ணி இவ பல்லுல இல்ல!”

“கருவி கோளாறு. வெளிய கொண்டா, பதிவ அழிச்சிருவோம்” என்று வெளியிலிருந்து தேவசகாயத்தின் குரல் வந்தது.

“அது பொய் சொல்லாதுன்னு சட்டம் போட்டது யாரு?”

பல்மானி யார் அனுமதிக்கும் காத்திருக்கவில்லை. மண்ணளவைப் பதிந்து, கப்பலுக்கு ஆணையும் அனுப்பிவிட்டது. தீவில் ஒத்துப்போகிறவர் எவரும் இல்லை, எல்லோரையும் ஏற்றவும்.

கப்பல் தளத்தில் தேவசகாயத்தின் பேத்தி தாகத்தில் அழுதாள். பால்பல் இரண்டு விழுந்திருந்தன. நிலைப்பற்கள் ஈறுக்குள் இன்னும் உருவாகிக்கொண்டிருந்தன. கோபம் ஆறாமலே பிலோமினா ஒரு தண்ணீர் டப்பாவைத் திறந்து அவளிடம் நீட்டினாள். தேவசகாயம் தடுக்கக் கையெடுத்தார். வேறு தண்ணீர் எங்கே இருக்கிறது? கை தானாகவே இறங்கியது.

“குடி தாயி” என்றாள் பிலோமினா. பிறகு அவரைப் பார்த்தாள். “இனி எந்தத் தீவுக்குப் போனாலும், இவளையும் கிணத்துப் பக்கம் விடமாட்டாங்க, அண்ணாச்சி.”