இடது மூலைப் பலூன்

ஓவியர் போய்ச் சேர்ந்து இரண்டு மாதம் ஆகியிருந்தது. மத்தியானம் மூன்று மணிக்கு, கொட்டுகிற மழையில், பலூன்காரர் அந்தப் பழைய வீட்டுப் படியேறினார். ‘கலங்கரைக் காவலன்’ படக்கதைத் தொடரின் அறுபது இதழ்களையும் ஒரே தொகுப்பாகப் போடப்போகிறார்கள். மூலப் படங்களைச் சரிபார்க்க அவரை விட்டால் ஆளில்லை. ஓவியர் படம் போடுவார். இவர் வசனத்தைக் கையால் எழுதி, பலூனாக வெட்டி மேலே ஒட்டுவார். அச்சகத்தில் வைத்த பட்டப்பெயர்தான் நிலைத்துவிட்டது. இருவரும் நகமும் சதையுமாக இருந்தவர்கள்.

"மாடியில வரிசையா அடுக்கி வெச்சிருக்கேன் மாமா," என்றாள் ஓவியரின் மகள். "பாத்துட்டிருங்க, டீ போட்டு எடுத்துட்டு வரேன்."

மாடி அறையில் ஈரக் காகித வாடை. ஜன்னல் ஊறிப்போய்த் திறக்க மறுத்தது. விளக்கைப் போட்டு உட்கார்ந்தார். முதல் இதழைப் புரட்டியதுமே வயது பாதியாகிவிட்டது.

அடடா, என்ன கை அது! மழைக்கென்று மனுஷன் ஒரு கோடுகூடப் போட மாட்டார். நனைந்த தெருவை மட்டும் வரைவார், மழை தானாகப் பெய்யும். விந்தி நடக்கும் காவலனைவிட அவனுடைய ஒற்றைக்காது நாய்க்கு மூளை அதிகம். காவலன் பொய் சொல்கிற கட்டங்களில் எல்லாம் அது கடலைப் பார்த்துக்கொண்டிருக்கும். பலூன்காரர் தன்னை மறந்து சிரித்தார்.

ஓவியருக்கு ஒரே ஒரு பிடிவாதம் இருந்தது. ஒவ்வோர் இதழின் கடைசிக் கட்டத்திலும் இடது மூலையை வெள்ளையாக விடுவார்; அங்கே பலூன் வந்தே ஆகவேண்டும் என்று ஒற்றைக்காலில் நிற்பார். காரணம் கேட்டால் வாயைத் திறக்க மாட்டார். வசனம் இல்லாவிட்டால் "ஹூம்" என்றாவது எழுதி இவர் ஒட்டிவிடுவார். பதினேழாம் இதழில் மட்டும், அச்சகத்து அவசரத்தில் மறந்துவிட்டார். அதற்கு ஓவியர் மூன்று மாதம் பேசவில்லை.

முதல் இதழின் மூலைப் பலூன் காய்ந்து ஓரம் தூக்கியிருந்தது. சும்மா தொட்டார். கையோடு வந்துவிட்டது.

அடியில் ஒரு பெண்.

ஒட்டும்போது அங்கே எதுவும் இல்லை. சத்தியமாக இல்லை.

வெகு தூரத்தில், முதுகைக் காட்டிக்கொண்டு நின்றாள். இரண்டாம் இதழை உரித்தார். கொஞ்சம் கிட்டத்தில். ஒன்பதாவதில் திரும்பியிருந்தாள். பதினாறாவதை உரித்தார்.

மூலை முழுக்க முகம். இடது புருவத்தின்மேல் மச்சம்.

அவருடைய மனைவி.

பதினேழாவதில் மூலை வெறுமையாக இருந்தது. கட்டத்தின் கோடு உள்ளேயிருந்து உடைந்திருந்தது.

அந்த இதழ் வெளிவந்த வாரம்தான், நாதியில்லை என்று சொல்லி ஒருத்தி அச்சகத்துக்கு வேலை கேட்டு வந்தாள். அந்த வருடமே கல்யாணம். முப்பது வருடமாக அவர் முகம் சுளிக்க ஒரு வார்த்தை பேசியதில்லை அவள்.

டீயோடு வந்த மகள், தரையில் உரிந்து கிடந்த பலூன்களைப் பார்த்துவிட்டு ஓர் உறையையும் நீட்டினாள். "பலூனை எல்லாம் உரிச்சுப் பாத்தா மட்டும் குடுன்னு அப்பா சொன்னார் மாமா." அவள் மேஜையைப் பார்க்காமலே இறங்கிப் போய்விட்டாள்.

உள்ளே, எழுத்தில்லாத ஒரு பலூன். கூடவே ஓவியரின் கையெழுத்தில் துண்டுச்சீட்டு.

‘இதைப் பதினேழில் ஒட்டு, திரும்பிப் போய்விடுவாள். உன் மூன்று குழந்தைகளும் ஏன் தங்கவில்லை என்று யோசித்துப் பார். உன் முகத்தைப் பார்த்துச் சொல்ல எனக்குத் தைரியம் வரவில்லை.’

மூன்றாவது குழந்தை பதினோரு நாள் இருந்தது. அன்று அவர் சுவரில் முட்டிக்கொண்டு அழ, அவள்தான் மடியில் போட்டுத் தேற்றினாள். அவள் கண்ணில் ஒரு சொட்டுத் தண்ணீர் வரவில்லை. கல்மனசு என்று ஊர் பேசியது. தனக்காக அடக்கிக்கொள்கிறாள் என்று இவர் உருகிப்போனார்.

மேஜைமேல் இருந்த பசைப் புட்டியைத் திறந்தார். பலூனின் பின்பக்கம் தடவினார். மூலைக்கு நேரே கொண்டுபோனார்.

கைபேசி அடித்தது.

"ஏங்க, சாப்பிட்டீங்களா?" அதே குரல். அதே பரிவு.

"ம்."

"மழையில அலையாதீங்க, ஒடம்புக்கு ஆகாது."

மூச்சுச் சத்தம் கேட்காத அளவுக்கு வாயைப் பொத்திக்கொண்டார்.

"எனக்கு ஒங்கள விட்டா யாருங்க இருக்கா?" என்றாள் மெதுவாக. "அந்தப் பசைய மூடி வெச்சிட்டு வீட்டுக்கு வாங்க."

பலூன்காரர் அழுதுகொண்டே புட்டியை மூடினார்.