பாடியவர் கருத்தம்மாள்

சப்ரீனுக்குக் கோபம் வந்தால் முதலில் மூக்குதான் சிவக்கும். அன்று காலை, ஸ்ரீவில்லிபுத்தூர் பள்ளிக் கண்காட்சியில், காதும் சேர்ந்து சிவந்துவிட்டது.

தேவதானம் வயலுக்குப் போய் அவள் கேட்டு எழுதிவந்த நடவுப் பாட்டு, பெரிய அட்டையில் தொங்கியது. பாட்டெல்லாம் சரிதான். ஆனால் அடியில், "பாடியவர்: பெயர் தெரியவில்லை. தொகுத்தவர்: சப்ரீன், ஆறாம் வகுப்பு" என்று இருந்தது.

"சார், பேரு தெரியும். கருத்தம்மாள். நோட்டுல எழுதியிருந்தேனே."

சோலைராஜ் சார் சிரித்தார். "நாட்டுப்புறப் பாட்டுக்கு யாரும்மா சொந்தக்காரங்க? புத்தகத்துல எல்லாம் இப்படித்தான் போடுவாங்க."

"ஒக்சானா மேடம் இப்படிப் போட மாட்டாவ."

ஒக்சானா உக்ரைன் நாட்டுக்காரர். நாட்டுப்புறப் பாடல்களை ஆராய்பவர். போன மாதம் தேவதானத்துக்கு வந்தபோது, சப்ரீன்தான் அவருக்கு வயலுக்கு வழிகாட்டினாள். அவருக்குத் தெரிந்ததெல்லாம் புத்தகத் தமிழ். "தாகமாக உள்ளது, நீர் கிடைக்குமா?" என்று கேட்டதும், நடவு நட்ட பெண்கள் நாற்றைப் போட்டுவிட்டுச் சிரித்தார்கள். அவரும் சேர்ந்து சிரித்தார்.

பிறகு வரப்பில் உட்கார்ந்து தம் கதையைச் சொன்னார். அவருடைய ஆசிரியர் ஊர் ஊராக நடந்து நாற்பது பாட்டுகளைத் தொகுத்தாராம். அச்சிட்டவர்கள், பாடிய குடியானவர்களின் பெயர் எதற்கு என்று வெட்டிவிட்டார்களாம். "இருபது ஆண்டுகளாக அந்தப் பெயர்களைத் தேடி அலைகிறேன். இதுவரை பதினொன்றுதான் கிடைத்தன" என்றார்.

"அட்டையில இடம் இல்லம்மா. நடுவர்கள் வர்ற நேரம், பேசாம நில்லு" என்றார் சார்.

"அப்போ அட்டையைக் கழட்டிருங்க."

"பரிசு போயிரும்."

"போவட்டும் சார்."

சப்ரீன் வெள்ளைத் தாளை வெட்டி, அடியில் இருந்த இரண்டு வரிகளையும் மறைத்து ஒட்டினாள்.

"என் பேரை எடுத்தா இடம் இருக்கு."

"கஷ்டப்பட்டு எழுதினது நீதானே?"

"நான் எழுதாட்டி வேற யாராச்சும் எழுதியிருப்பாவ. அவிய பாடலைன்னா எழுத என்ன இருக்கு?"

சார் ஸ்கெட்ச் பேனாவை எடுத்து அவளிடம் நீட்டினார்.

பரிசு என்னவோ எரிமலை செய்த பையனுக்குத்தான் போனது.

சாயங்காலம் நடவு முடிந்த கையோடு, பஸ் பிடித்து வந்து சேர்ந்தாள் கருத்தம்மாள். கால் சேறு இன்னும் முழுசாகப் போகவில்லை. அட்டையின் முன் நின்று எழுத்துக் கூட்டிப் படித்தாள். இரண்டு தடவை படித்தாள்.

"ஏட்டி, எம்பேரை எதுக்கு இம்புட்டுப் பெருசா எழுதியிருக்க?"

"இனிமே யாரும் தெரியலன்னு சொல்லக் கூடாதுல்ல, பெரியம்மா."