நடுவில் ஓர் ஒன்பது

"அய்யய்யோ, அதயா எடுக்கிறீங்க? கூட்டினா எட்டு வருது மேடம்!"

சிதம்பரம் மேல வீதி செல்போன் கடையில் சிம் கார்டை எடுத்த இசைவாணி, சட்டென்று திரும்பினாள். மழையில் நனைந்த தலை... சிரிக்கிற கண்கள்... கடலூர் தேவனாம்பட்டினத்து மீனவர் வீட்டுப் பிள்ளை, பெயர் தமிழ்வேந்தன் என்பதெல்லாம் பிறகுதான் தெரிந்தது.

"எட்டுன்னா என்னவாம்? இது பகா எண். ஒன்னையும் தன்னையும் தவிர எதாலயும் வகுபடாது. நேத்தே குறிச்சிக்கிட்டுப் போயி யுனிவர்சிட்டி கம்ப்யூட்டர்ல போட்டுப் பாத்துட்டேன்."

"பத்து இலக்கத்தையுமா? பொண்ணு பாக்கக்கூட இவ்ளோ விசாரிக்க மாட்டாங்க!"

அவன் எடுத்தது அதற்கு அடுத்த எண். கூட்டினால் ஒன்பது. "அம்மா கண்டிஷனுங்க."

"ஒன்பதாலயே வகுபடும். லேசா உடைஞ்சிடும்," என்றாள். கணக்கில் எம்.எஸ்ஸி. படிக்கிற திமிர்...

மறுநாளே வம்பு. அவன் எண்ணின் கடைசி இலக்கத்தைத் தவறாக அழுத்தியவர்களெல்லாம் அவளை அழைத்தார்கள். "மச்சான், ஐஸ் வண்டி வந்துடுச்சா?" மன்னிப்புக் கேட்க அவன் அழைத்தான். பிறகு மன்னிப்பு இல்லாமலும் அழைத்தான். அவன் எண்ணுக்கு அந்தப் பக்கம் இருப்பதும் பகா எண்தான், அதுவும் தன் எண்ணும் இரண்டே தள்ளி நிற்கும் இரட்டையர் என்று அவள் சொல்ல, ஆசையாய்க் கேட்டுக்கொண்டான்.

ஒருநாள் அவன் குரல் தயங்கியது. "அம்மாகிட்ட உங்களப் பத்திச் சொன்னேன்... எட்டுன்னதும் எழுந்து போயிட்டாங்க. சுனாமியில அம்மா கண்ணு முன்னால போன எங்க போட்டு நம்பரும் எட்டு. நீங்க அத மட்டும் மாத்திட்டா..."

"இன்னிக்கு நம்பரு, நாளைக்கு நானா?" வைத்துவிட்டாள்.

கோபம் ஆறிய பிறகுதான் அந்தப் படகு கண்ணில் நின்றது. எண் எந்தப் படகையும் கவிழ்க்காது. ஆனால் கரையில் நின்று பார்த்த அவன் அம்மாவிடம் போய்க் கணக்கா பேசுவது?

எண்ணை மாற்றிவிடலாம் என்று கடைக்கு வந்தாள். வாசலில் அவன்... அதே மழை.

"மாத்தாதீங்க. நீங்க சொன்ன அந்தப் பக்கத்து பகா எண்ண நான் எடுத்துட்டேன். என் ஒன்பது இனிமே அம்மாவுக்கு."

"அவுங்க என்ன சொன்னாங்க?"

"'எட்டு எட்டாவே இருக்கட்டும்டா. நடுவுல ஒன்பது நான் இருக்கேன்ல, பாத்துக்கிறேன்'னாங்க."

இசைவாணிக்குக் கண் நிறைந்தது.

"இவ்ளோ பெரிய எண்ணுங்கள்ல ரெண்டு பகா எண் இதவிட நெருங்கவே முடியாது, தெரியுமா?"

"எனக்கு உங்கள ரொம்பப் புடிச்சிருக்குங்க... இதவிட நெருங்கவே முடியாதா?"

"அது எண்ணுங்களுக்கு," என்று குடையை அவன் பக்கம் நகர்த்தினாள். "எனக்கும் புடிச்சிருக்கு... உள்ள வாங்க, நனையிறீங்க."