சாரி என்ற சொல்லின் வேர்

செந்தரை நகரில் அன்று காலை யார் யாரை இடித்தாலும், இடிபட்டவர் நின்று, "எங்க வலிக்குது?" என்று கேட்டார்.

செவ்வாய்க் கோளில் பல மொழிக்காரர்கள் சேர்ந்து வாழும் நகரம் அது. பேசுகிறவரின் சொல்லைக் கேட்பவரின் மொழியில் தரும் சொல்மாற்றி எல்லோர் காதிலும் இருந்தது. அதை உருவாக்கிய தமயந்தி முந்தைய நாள் செய்த மாற்றத்தில் ஒரு பிழை நேர்ந்துவிட்டது. 'சாரி' என்ற ஆங்கிலச் சொல்லின் இன்றைய பொருளை விட்டுவிட்டு, கருவி அதன் வேரைப் பிடித்துக்கொண்டது. பழைய ஆங்கிலத்தில் வலியைக் குறித்த சொல்லிலிருந்து பிறந்தது அது. அதனால் யார் 'சாரி' சொன்னாலும், 'எனக்கு வலிக்கிறது' என்றே காதில் விழுந்தது.

எல்லோரும் நின்று விசாரித்ததில் வேலைகள் தாமதமாயின. மாலைக்குள் சரிசெய்யும்படி நகர நிர்வாகி சுலைமான் உத்தரவிட்டார்.

தமயந்தி அந்த வேலையில் இருந்தபோது இன்பராஜ் வந்தான். நகரின் காற்று வெளியேறாமல் காக்கும் அழுத்தக் கதவுகளை இயக்குபவன். சென்ற ஆண்டு அவன் ஒரு கணம் முந்தி மூடிய கதவில்தான் அவளுடைய இரண்டு விரல்கள் போயின. அன்றிலிருந்து பார்க்கும்போதெல்லாம் சாரி சொல்வான். அவள் தலையாட்டிவிட்டுப் போய்விடுவாள்.

இன்றும் சொன்னான். 'எனக்கு வலிக்கிறது' என்றே அவளுக்குக் கேட்டது. கருவியின் பிழைதான் என்று தெரிந்தும் அவளுக்குக் கோபம் வந்தது.

"விரல் போனது எனக்கு. உங்களுக்கு என்ன வலி?"

இன்பராஜ் வாசலிலேயே நின்றான்.

"கதவ மூடறதுக்கு முன்னாடி பத்து தடவ எட்டிப் பாக்கறேன், அப்பவும் மூட மனசு வரல. இத உங்ககிட்ட எப்படிச் சொல்றது? அதான் சாரி, சாரின்னு சொல்லிட்டிருந்தேன்."

அவன் மன்னிப்பை வற்புறுத்துகிறான் என்றே அவள் இத்தனை நாளும் நினைத்திருந்தாள். அவனை உட்காரச் சொன்னாள். கோபம் முழுக்கப் போய்விடவில்லை. ஆனாலும் கிளம்பும்போது, நாளைக்குக் கதவருகே தானும் வந்து நிற்பதாகச் சொன்னாள். பிறகு பிழையைத் திருத்தினாள்.

மறுநாள் கருவி ஒழுங்காக 'மன்னிக்கவும்' என்றது. ஆனால் நடைபாதைகளில் ஜனங்கள் இன்னும் நின்று நின்று விசாரித்துக்கொண்டிருந்தார்கள். இன்னும் ஏன் சரிசெய்யவில்லை என்று சுலைமான் நேரிலேயே வந்து கேட்டார். தமயந்தி சோதனை முடிவுகளைக் காட்டினாள்.

"கருவி சரியாத்தான் இருக்கு சார்."

திரையை உற்றுப் பார்த்தவர், "அப்படியா... சாரி," என்று திரும்பினார்.

மன்னிக்கவும் என்றுதான் அவள் காதில் விழுந்தது.

"எங்க சார் வலிக்குது?" என்று கேட்டாள்.

ஒன்றுமில்லை என்று சொல்ல வாயெடுத்த சுலைமான், அறைக்கதவைச் சாத்திவிட்டு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.